மொட்டைமாடியில் அளந்த பிறகு பரிசு கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இளம் விஞ்ஞானிகளை இரண்டு மூன்று நாள் ஓரிடத்தில் கூட்டி, இயற்பியலைக் கொண்டு நீடித்த நிலைத்தன்மைக்கு வழி தேடச் சொல்லும் பட்டறைகளை மனமார வரவேற்கிறோம். நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்: மாணவர்களை முதல் நாளே மொட்டைமாடிக்கு அனுப்புங்கள். கடைசி நாள் திரையில் ஓடும் படங்களுக்குப் பரிசு வேண்டாம். அளந்த எண்களுக்குக் கொடுங்கள்.

எடுத்துக்காட்டாக, கூரையில் பூசிக் கட்டடத்தைக் குளிர்விக்கும் வெள்ளைச் சாயத்தையே எடுத்துக்கொள்வோம். 2014ல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் ஆஸ்வத் ராமன், ஷான்ஹுய் ஃபான் குழுவினர் செய்த தகடு, நேரடி வெயிலிலேயே சுற்றியுள்ள காற்றைவிட 4.9 டிகிரி குளிர்ந்தது. 2021ல் பர்டூ பல்கலைக்கழகத்தின் பேரியம் சல்ஃபேட் சாயம் 98.1 விழுக்காடு வெயிலைத் திருப்பி அனுப்பியது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. பொருள்கள் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக, அதாவது கண்ணுக்குத் தெரியாத கதிராக, வீசுகின்றன. அதில் 8 முதல் 13 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் வருவதை வளிமண்டலம் பெரும்பாலும் தடுக்காமல் விண்வெளிக்கு விட்டுவிடும்.

வறண்ட ஊரில், தெளிந்த வானத்தின்கீழ், சதுர மீட்டருக்கு 100 வாட் அளவில் வெப்பம் இப்படி வெளியேறலாம். நம் சிங்கப்பூரில் நீராவியும் மேகமும் அந்த வழியைப் பெரிதும் அடைத்துவிடுகின்றன. உச்சிவெயிலோ சதுர மீட்டருக்கு 1,000 வாட்டை எட்டும். சாயம் 95 விழுக்காட்டைத் திருப்பினால் 50 வாட் உள்ளே தங்கும். அழுக்கேறி 90க்கு இறங்கினால் 100 வாட். ஐந்தே விழுக்காடுதான். ஆனால் இங்கு வானத்துக்கு அனுப்பும் வெப்பம் முழுவதையும் அது விழுங்கிவிடக்கூடும்.

அழுக்கேறாமலும் இருக்காது. விடியற்காலையில் வெப்பநிலை 25 டிகிரி, ஈரப்பதம் 95 விழுக்காடு என்றால், தகடு காற்றைவிட ஒரு டிகிரி குளிர்ந்தாலே பனித்துளி படியும். ஆவி நீராகும்போது விடும் வெப்பம் தகடு அதற்குமேல் குளிராமல் இழுத்துப் பிடிக்கும். ஈரம் தங்கிய இடத்தில் பாசி வரும். அடுக்குமாடிச் சுவர்களில் கறுப்பாக வழிந்திருக்கும் கறையை எல்லாரும் பார்த்திருப்போம். ஆகவே, காற்றைவிட எத்தனை டிகிரி குறைத்தோம் என்பதைவிட, வெள்ளை எத்தனை மாதம் வெள்ளையாக இருக்கும் என்பதே இங்கு முக்கியமான கேள்வி. சாதாரணக் கான்கிரீட் கூரை வெயிலில் பாதிக்கும் மேல் உள்ளிழுக்கிறது. அதை 15 விழுக்காட்டுக்குக் குறைத்து, அங்கேயே நிறுத்திவைக்க முடிந்தால் மேல்மாடி வீட்டின் குளிர்சாதனத்துக்கு அது பெரிய உதவி.

இனி, அளக்கும் முறை. 20 சென்டிமீட்டர் சதுர அலுமினியத் தகடுகள் மூன்று போதும்: ஒன்றில் சோதனைச் சாயம், ஒன்றில் கடையில் கிடைக்கும் வெள்ளை, ஒன்றில் சாம்பல் நிறம். அடியில் 5 சென்டிமீட்டர் தெர்மோகோல். வெப்ப உணரியைத் தகட்டின் பின்புறம் நடுவில் அலுமினிய ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். காற்றை மறைக்க மெல்லிய பாலித்தீன் தாள் போடலாம். கண்ணாடி கூடாது, அது அகச்சிவப்புக் கதிரை மறித்துவிடும். கைச்சுவரும் தண்ணீர்த் தொட்டியும் தாமே வெப்பத்தை வீசுவதால் தகடுகளை அவற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

தவறு பெரும்பாலும் மூன்று இடங்களில் நடக்கும். காற்றின் வெப்பத்தை அளக்கும் கருவியை வெயிலில் வைத்துவிட்டால் அது பல டிகிரி கூட்டிக் காட்டும். தகடு குளிர்ந்துவிட்டதாகத் தோன்றும். நிழலும் காற்றோட்டமும் உள்ள கூட்டில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அதை வைக்கவேண்டும். அடுத்தது, துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானி. பளபளக்கும் உலோகத்தின்மேல் அதை நீட்டினால் வானத்தின் பிரதிபலிப்பையே படிக்கும். மூன்றாவதுதான் மிகவும் ஏமாற்றுவது: ஈரம் காயாத சாயம். காலையில் பூசி மதியம் அளந்தால், நீர் ஆவியாவதால் வரும் குளிர்ச்சி சாயத்தின் கணக்கில் சேர்ந்துவிடும். இங்குள்ள ஈரப்பதத்தில் கனமான பூச்சு காய நாளாகும். அவசரப்பட்டு ஒரே பூச்சாகப் போட்டால் பூச்சில் வெடிப்பு விழும். தகடுகளைப் பட்டறைக்கு ஒரு வாரம் முன்பே பூசிவைப்பது நல்லது.

குழுவில் இயற்பியல் மாணவரோடு வேதியியல் படிப்பவர், பலதுறைத் தொழிற்கல்லூரியில் கட்டடச் சேவை படிப்பவர் இருக்கட்டும். கூரை கழுவும் ஊழியர் ஒருவரையும் முதல் நாள் அழையுங்கள். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் பலர். நம் மாணவர்கள் தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எந்தப் பக்கம் பாசி முதலில் பிடிக்கும், எந்தச் சோப்பு சாயத்தை உரிக்கும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கழுவ முடியும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

பட்டறை முடிந்ததும் தகடுகளைக் கழற்றிவிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை முடியும்வரை அங்கேயே இருக்கட்டும். பிறகு கழுவாமல் ஒரு முறை, கழுவி ஒரு முறை அளந்து, இரண்டு எண்களும் வந்தபின் பரிசின் இரண்டாம் பாதியைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர்கள் இருவர்,
ஈசூன்