கார்ட் டேட்டா லாகர்: ஞாயிறு வேலை

அனைவருக்கும் வணக்கம்.

நம் கோ-கார்ட்டுக்கான (சிறிய ரேஸ் வண்டி) டேட்டா லாகரை, அதாவது ஓடும்போது வேகம், இடம் போன்றவற்றைப் பதிவு செய்யும் கருவியை, வரும் ஞாயிறு (ஜூன் 14) காலை 9 மணிக்கு ஒர்க்‌ஷாப்பில் பொருத்துகிறோம். அடுத்த வாரம் செட்டிப்பாளையம் கரி ரேஸ் டிராக்கில் ஓட்டும்போது அது வண்டியில் இருந்தே ஆக வேண்டும்.

1. பழைய 1 ஹெர்ட்ஸ் ஜிபிஎஸ் (நொடிக்கு ஒருமுறை மட்டுமே இடத்தைப் பதிவது) வேண்டாம். மணிக்கு 72 கிமீ வேகத்தில் வண்டி நொடிக்கு 20 மீட்டர் போகிறது. எங்கே பிரேக் பிடித்தோம் என்றே தெரியாது. 10 ஹெர்ட்ஸ் மாட்யூல் என்றால் 2 மீட்டருக்கு ஒரு புள்ளி கிடைக்கும். வைத்திருப்பவர் கொண்டு வாருங்கள்.

2. போன முறை ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது) அளவைக் கெடுத்தது ஸ்பார்க் பிளக் ஒயரின் மின் இரைச்சல்தான். அதைக் குறைக்க, வயரிங் குழு ரெசிஸ்டர் பிளக், ஷீல்டு கேபிள் இரண்டையும் சனிக்கிழமைக்குள் வாங்கிவிடுங்கள். சென்சார் ஒயர்களைப் பிளக் ஒயரை விட்டுத் தள்ளியே கட்ட வேண்டும். இது ரொம்ப முக்கியம்.

3. பின் ஆக்சில் சுற்றுவதை அளக்க ஹால் சென்சார் (காந்தம் அருகில் வருவதை உணர்வது), காந்தம்: மெக்கானிக்கல் குழு பொறுப்பு.

4. புரோகிராம் எழுதுபவர்கள் லேப்டாப்புடன் வரவும். பேட்டரி ஒயர் கழன்றாலும் பதிவு தொலையாதபடி, நொடிக்கு ஒருமுறை எஸ்டி கார்டில் சேமிக்க வேண்டும்.

யார் வருகிறீர்கள், என்ன கொண்டு வருகிறீர்கள் என்று வெள்ளி இரவு 8 மணிக்குள் இங்கேயே பதில் போடுங்கள். வர முடியாதவர்களும் சொல்லிவிடுங்கள், வேலையை மாற்றிக் கொடுக்க வசதியாக இருக்கும்.