நேரம் எங்கேடி கிடைக்கிறது என்று கேட்டாயே

அபர்டீன், ஸ்காட்லாந்து
டிசம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் யார் எப்படி இருக்கிறார்கள் என்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் பின்னிக்கொண்டிருக்கும் காலுறையின் படத்தைப் பார்த்துவிட்டு, "வேலை, வீடு, பிள்ளை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு இதற்கு உனக்கு நேரம் எங்கேடி கிடைக்கிறது?" என்று கேட்டாய். கேள்வியில் கொஞ்சம் குத்தலும் இருந்தது, இல்லையா? பரவாயில்லை, பதில் சொல்கிறேன்.

முதலில் இங்கே நாள் எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் காலை 8.45 வாக்கில்தான் சூரியன் தலைகாட்டும். மாலை 3.30 ஆனால் பொழுது சாய்ந்துவிடும். முதியோர் இல்லத்தில் ஷிப்ட் உள்ள நாட்களில் இருட்டில் போய் இருட்டில் வருகிறேன். லீவு நாள் வந்தால் துணி துவைக்கவும், கடைக்குப் போகவும், பையனின் ஸ்கூல் வேலைகளுக்குமே சரியாக இருக்கும். ஆக, உட்கார்ந்து பின்னுவதற்கென்று தனியாக ஒரு மணி நேரம் எனக்கு எப்போதும் கிடைத்ததில்லை. கிடைப்பதெல்லாம் துண்டு துண்டான நேரம். பஸ்ஸில் போகவர, பிள்ளை நீச்சல் வகுப்பில் இருக்கும்போது, குக்கர் சத்தத்துக்குக் காத்திருக்கும்போது.

துண்டு நேரத்துக்கு ஏற்ற வேலையாகப் பார்த்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். தையல் மெஷினை எடுத்து வைத்து, துணியை விரித்து, நூல் கோப்பதற்குள் அந்தப் பத்து நிமிஷம் முடிந்துவிடும். எம்பிராய்டரிக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். கொக்கி ஊசியால் போடும் குரோஷா அப்படி இல்லை. ஒரு பின்னல் முடிந்ததும் ஊசியில் ஒரே ஒரு கண்ணிதான், அதாவது ஒரு நூல் வளையம்தான் இருக்கும், எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்திப் பைக்குள் போடலாம். இரட்டை ஊசிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணி முழுவதும் ஊசியில் நிற்கும், அவசரத்தில் உருவிக்கொண்டால் வம்பு. அதனால் வட்ட ஊசியில் போடுகிறேன். இரண்டு ஊசிகளையும் நடுவில் ஒரு வயர் இணைப்பதால் கண்ணிகளை அதன்மேல் தள்ளிவிட்டு எழுந்துவிடலாம்.

ஒரே காலுறையிலும் எல்லா இடமும் ஒன்றுபோல இல்லை. கணுக்காலுக்கு மேலே சுற்றிச் சுற்றிப் போகும் பகுதிக்கு மூளையே வேண்டாம், பஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போடலாம். குதிகால் வந்துவிட்டால் எண்ண வேண்டும், பாதிப் பாதியாகத் திரும்ப வேண்டும், யாராவது கூப்பிட்டால் கணக்கு போய்விடும். அதை லீவு நாளுக்கு வைத்துக்கொள்வேன். அதனால் பையில் எப்போதும் 'பேசிக்கொண்டே போடும்' வேலை ஒன்று, வீட்டு நாற்காலி பக்கத்தில் 'வாயை மூடிக்கொண்டு போடும்' வேலை ஒன்று. இரண்டுக்கு மேல் ஆரம்பிப்பதில்லை. நூல் வாங்கும் ஆசை வேறு, பின்னும் ஆசை வேறு என்று இந்த ஊருக்கு வந்த பிறகுதான் தெரிகிறது!

எங்கள் இல்லத்தில் ஷெட்லாந்து தீவுக்காரப் பாட்டி ஒருவர் இருக்கிறார். இங்கிருந்து ராத்திரி கப்பலேறினால் காலையில் அந்தத் தீவில் இறங்கலாம். பின்னும்போது இடுப்பில் கட்டும் பெல்ட்டை அவர் ஒருநாள் எனக்குக் காட்டினார். அகலமான தோல் பெல்ட், அதில் ஒரு பக்கம் குதிரை முடி திணித்த சின்ன மெத்தை, மெத்தை நெடுகப் பொத்தல்கள். இருமுனையும் கூரான ஊசியின் ஒரு முனையைப் பொத்தலில் செருகிவிட்டால் ஊசி தானே நிற்கும், வலது கை நூலை வீசுவதற்கு மட்டும்தான். பாட்டிக்கு இப்போது விரல் மடங்காது. ஆனால் ஊசியைச் செருகியதும் அந்த ஆள்காட்டி விரல் போன வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தோலில் நடு வரிசைப் பொத்தல்கள் மட்டும் தேய்ந்து பெரிதாகியிருந்தன.

அந்தத் தீவுப் பெண்கள் அந்தக் காலத்தில் முதுகில் கூடை நிறைய அடுப்பெரிக்கும் பீட் கட்டிகளை (சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கட்டி) சுமந்துகொண்டு நடக்கும்போதே பின்னுவார்களாம். பழைய போட்டோக்களில் பார்க்கலாம். பிரான்சில் லாந்து என்ற இடத்தில் பொய்க்கால் கட்டிக்கொண்டு ஆடு மேய்த்தவர்கள்கூட, நின்ற இடத்திலேயே காலுறை பின்னியிருக்கிறார்கள். படிக்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் ஷெட்லாந்துப் பெண்கள் ஆசைக்காகவா நடந்துகொண்டே பின்னினார்கள்? பின்னியதைக் கொண்டுபோனால் வியாபாரிகள் பெரும்பாலும் காசு தரமாட்டார்கள், தேயிலையும் துணியுமாகத்தான் கொடுப்பார்கள். இந்த வழக்கத்தை 1872-இல் அரசாங்கக் கமிஷனே விசாரித்தது. ஒரு கண்ணி விட்டுப்போனால்கூட அவர்களுக்கு நஷ்டம்.

எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால்தான் இங்கே யாராவது "விற்கலாமே, ஆர்டர் எடுக்கலாமே" என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். ஆர்டர் என்று வந்துவிட்டால் தேதி வரும், தேதி வந்தால் அது இன்னொரு ஷிப்ட். இந்தக் காலுறை பொங்கலுக்குள் முடியாவிட்டாலும் யார் கேட்கப்போகிறார்கள்? சில நாள் ஒரு சுற்றோடு சரி. சில நாள் பையை விட்டு வெளியே எடுப்பதுகூட இல்லை. ஷிப்டில் யாராவது போய்ச் சேர்ந்துவிட்ட நாட்களில் மட்டும், களைப்பாக இருந்தாலும் கொஞ்சம் பின்னிவிட்டுத்தான் படுப்பேன். ஏனென்று கேட்காதே.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் சிவன் கண் ஒயர் கூடை பாதியில் பரண்மேல் கிடக்கிறது என்று அம்மா சொன்னாள். துண்டு நேரத்துக்கு அதைவிடத் தோதான வேலை உண்டா அக்கா? ஒவ்வொரு முடிச்சும் இறுகித் தானே நிற்கும், நீ எழுந்து போனாலும் பிரியாது. பரண்மேல் இருந்தால் அது ஞாயிற்றுக்கிழமை வேலை. அந்த ஞாயிறு வரவே வராது. கீழே இறக்கி, டிவி பக்கத்தில் கண்ணில் படுகிற மாதிரி வை. ஒயரை முதலிலேயே அளந்து வெட்டிக் கட்டி வைத்துவிடு, உட்கார்ந்ததும் முடிச்சிலிருந்து ஆரம்பிக்கலாம். அத்தான் காலில் இடறுகிறது என்று சத்தம் போடுவார். போடட்டும், அவர் செய்தித்தாள் அடுக்கைவிடவா அது இடத்தை அடைக்கும்?

அப்புறம், அப்பாவுக்கு ஒரு மஃப்ளர் போடலாம் என்றிருக்கிறேன். கம்பளி உறுத்துகிறது என்பார், அதனால் பருத்தி கலந்த நூலில் போடுகிறேன். என்ன நிறம் வேண்டும் என்று கேட்டு எழுது. கருநீலம் மட்டும் வேண்டாம் என்று சொல். விளக்கு வெளிச்சத்தில் அந்த நூலில் எனக்குக் கண்ணியே தெரிவதில்லை.

அன்புடன்,
உன் தங்கை