வாட்ஸ்அப் இடும் தேதி, படம்பிடித்த தேதி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை வந்தால் வெள்ள வீடியோ கேட்டு நாளிதழ்கள் வாட்ஸ்அப் எண் தருகின்றன. வரும் கோப்பின் பெயரை வைத்தே தேதியை முடிவு செய்வது ஆபத்து.

'விஐடி-20231204-டபிள்யூஏ0012' என்ற பெயரில் இருப்பது, அந்தக் கைபேசியில் வாட்ஸ்அப் அந்த வீடியோவைக் கையாண்ட நாள். கடைசி நான்கு இலக்கம் அன்றைய வரிசை எண். 2015 சென்னை வெள்ளத்தில் எடுத்ததை 2023 டிசம்பர் 4 அன்று அனுப்பினாலும் இப்படித்தான் பெயர் விழும். சாம்சங் கேமரா வைக்கும் பெயரில் தேதியோடு மணி, நிமிடம், நொடியும் இருக்கும். ஐபோனில் 'ஐஎம்ஜி'யும் ஒரு எண்ணும் மட்டுமே. பெயரை யாரும் மாற்றிவிடலாம் என்பது வேறு விஷயம்.

கேலரியிலிருந்து அனுப்பினால் வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிப் புதிதாக எழுதுகிறது. எடுத்த நேரமும் இடமும் தொலைந்துபோகும். 'எச்டி' தேர்ந்தாலும் சுருக்கம் உண்டு. 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்பினால் கோப்பு பெரும்பாலும் அப்படியே வந்து சேரும். 2 ஜிபி வரை இடமுண்டு. அறிவிப்பில் இதை ஒரு வரி சேர்த்தால் உங்கள் செய்திப் பிரிவுக்குப் பாதி வேலை குறையும்.

மூலக் கோப்பை, அதற்குள் பதிந்திருக்கும் தகவல்களைக் காட்டும் எக்சிஃப்டூல் அல்லது மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறக்கலாம். எம்பி4 கோப்பில் கைபேசிகள் பொதுவாக உலகப் பொது நேரத்தையே (யுடிசி) பதிகின்றன, இந்திய நேரம் பெற ஐந்தரை மணி நேரம் கூட்டவேண்டும். டிசம்பர் 4 அதிகாலை 4 மணிக்கு எடுத்தது டிசம்பர் 3, 22.30 என்று காட்டும். இதைப் பார்த்து 'முந்தைய நாள் வீடியோ' என்று ஒதுக்கிவிடக்கூடாது. தனிக் கேமராக்கள் பல உள்ளூர் நேரத்தையே எழுதுவதால், படத்தில் தெரியும் வெளிச்சத்தோடு ஒப்பிடுவது அவசியம். 1904 ஜனவரி 1 என்று வந்தால் தேதிக்கான இடம் காலி என்று பொருள். எம்பி4 கோப்பில் நேரக் கணக்கு தொடங்கும் நாள் அது. 'லாவ்ஃப்' என்ற குறி இருந்தால் வீடியோவை மாற்றி எழுதும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் வழியே கோப்பு போயிருக்கிறது. அதனாலேயே போலி என்று ஆகாது, ஓரத்தை வெட்டியிருந்தாலும் அது வரும். 'கூகுள் உருவாக்கியது' என்ற குறிப்பு இருந்தால் யூடியூபிலிருந்து இறக்கியதா என்று அனுப்பியவரிடம் கேட்கவேண்டும். விண்டோஸ் காட்டும் 'மாற்றிய தேதி'யை நம்பவே வேண்டாம்.

இந்தத் தகவல் எதுவும் மிஞ்சாதபோது, வீடியோக்களைச் சரிபார்க்க உதவும் இன்விட் கருவியில் முக்கிய ஃபிரேம்களைத் தனிப் படங்களாகப் பிரித்துப் படத்தேடலில் இடலாம். பழைய பதிவேற்றம் அகப்பட்டால் வீடியோ அந்தத் தேதிக்குப் பிந்தியதல்ல என்பது உறுதி. அகப்படாததால் மட்டும் அது நேற்றைய வீடியோ ஆகிவிடாது.

இப்படிக்கு,
வாசகர், மதுரை