நாற்பது பிள்ளைகள், ஒரே போன்: சிங்கப்பூரிலிருந்து தம்பிக்கு

சிங்கப்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா என்று எழுது. "அங்கே வகுப்பில் என்னென்ன ஆப் வைத்திருக்கிறார்கள், ஒரு பட்டியல் அனுப்பு அக்கா" என்று கேட்டிருந்தாய். பட்டியலாக அனுப்பினால் அதில் பாதி உனக்கு உதவாது. ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இங்கே உயர்நிலைப் பள்ளிப் பிள்ளை ஒவ்வொருவர் கையிலும் சொந்தமாக ஒரு சாதனம் இருக்கிறது. பள்ளியைப் பொறுத்து அது ஐபேடாகவோ குரோம்புக்காகவோ விண்டோஸ் லேப்டாப்பாகவோ இருக்கும். 2021 முடிவதற்குள் எல்லா உயர்நிலை மாணவருக்கும் கொடுத்து முடித்துவிட்டார்கள். அரசு பிள்ளைகள் பெயரில் போடும் எடுசேவ் பணத்திலிருந்தே அதை வாங்கிக்கொள்ளலாம். பாடம் நடத்த கல்வி அமைச்சின் எஸ்எல்எஸ் என்ற தளம் 2018 முதல் இருக்கிறது. ஆசிரியர் அதில் பாடத்தைக் கட்டி அனுப்புவார். யார் எந்தக் கேள்வியில் நிற்கிறார் என்பது அவர் திரையில் தெரியும். மற்ற பள்ளி ஆசிரியர்கள் செய்து வைத்த பாடத்தை எடுத்து நம் வகுப்புக்கு ஏற்றபடி வெட்டி ஒட்டிக்கொள்ளவும் முடியும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சார்ஜ் இல்லாமல் வந்தவன், கடவுச்சொல்லை மறந்தவள், அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப் என்று ஒரு பாடவேளையின் முதல் பத்து நிமிடம் இங்கேயும் கரையும்.

நீ பாடம் நடத்தும் வகுப்பில் இருப்பது உன் போன் ஒன்றும் ஹைடெக் லேப் கம்ப்யூட்டரும் புரொஜெக்டரும். அதற்குப் பொருந்துவதை மட்டும் எழுதுகிறேன். எந்தச் செயலியைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேள். ஒரே போனில் ஓடுமா? மணி அடிப்பதற்குள் யாருக்குப் புரியவில்லை என்று காட்டுமா? இரண்டுக்கும் இல்லை என்றால் அது எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விட்டுவிடு.

இங்கே வகுப்பறைகளில் அதிகம் உழைக்கும் சாதனம் விஷுவலைசர்தான். மேசையில் வைத்த நோட்டைக் கேமரா படம் பிடித்து அப்படியே திரையில் காட்டும். இதைத் தனியாக விலைக்கு வாங்காதே, உன் போனே போதும். கம்ப்யூட்டரில் எஸ்-சி-ஆர்-சி-பி-ஒய் என்ற ஆறு எழுத்துகளைப் போட்டுத் தேடு. 'ஸ்க்ரீன் காப்பி' என்று சொல்வார்கள். இலவசம், ஜிப் கோப்பாக வரும், விரித்தால் போதும், இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. ஒருமுறை இறக்கிவிட்டால் அப்புறம் நெட்டே வேண்டாம். போனில் செட்டிங்ஸுக்குள் 'பில்டு நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்டினால் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' திறக்கும். அதில் 'யுஎஸ்பி டீபக்கிங்'கையும் 'ஸ்டே அவேக்'கையும் போட்டுவிடு. கேபிளைச் சொருகியதும் அனுமதி கேட்டு போனில் ஒரு பெட்டி வரும், சரி என்று கொடு. பிறகு கம்ப்யூட்டரில் நிரலைத் திறந்தால் போன் திரை புரொஜெக்டரில் விழும். கேமராவைத் திறந்துகொள்ள வேண்டியதுதான்.

இது வேலை செய்யவில்லை என்றால் பத்தில் எட்டு முறை கேபிள்தான் காரணம். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளில் தரவு போகாது. போனோடு வந்த கேபிளைப் போடு. போனை ஏரோப்ளேன் மோடில் வை, இல்லையென்றால் மாமாவின் வாட்ஸப் செய்தியை வகுப்பே படிக்கும். நோட்டுக்கு மேலே ஒன்றேகால் அடி உயரத்தில், இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே ஒரு ஸ்கேலைப் பாலமாகப் போட்டு, கேமரா வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி போனை அதன்மேல் படுக்கவை. விளக்கு பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் மேலே இருந்தால் போனின் நிழலே நோட்டில் விழும். வகுப்பு முடிந்ததும் டீபக்கிங்கை அணைத்துவிடு. அது திறந்திருந்தால் சில வங்கிச் செயலிகள் ஓட மறுக்கும்; பாதுகாப்புக்கும் நல்லதில்லை.

காட்ட வேண்டியது பாடப்புத்தகம் இல்லை, அது எல்லோர் கையிலும் இருக்கிறது. ஒரே கணக்கை இரண்டு பிள்ளைகள் இரண்டு வழியில் போட்டிருந்தால் பெயரை மறைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை. எந்த வரியில் பிரிந்தார்கள் என்று வகுப்பே கண்டுபிடிக்கட்டும்.

அடுத்தது பிளிக்கர்ஸ் என்ற செயலி. பிள்ளைகளுக்குப் போன் வேண்டாம், ஆளுக்கு ஓர் அட்டை போதும். அட்டையின் நடுவில் கறுப்புக் கட்டங்களால் ஒரு வடிவம், நாலு ஓரத்திலும் பொடியாக ஏ, பி, சி, டி. தான் நினைக்கும் விடை மேலே வரும்படி பிள்ளை அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். நீ முன்னால் நின்று போன் கேமராவை இடமிருந்து வலமாக மெதுவாக ஓட்டினால் யார் எந்த விடை சொன்னார் என்று வந்துவிடும். ஒவ்வொரு அட்டைக்கும் வடிவம் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் காப்பியடிப்பது சுலபமில்லை.

தளத்தில் 40 அட்டைகள் கொண்ட தொகுப்பு இலவசமாக இருக்கிறது, 63 கொண்டதும் உண்டு. அட்டை எண்ணையே வருகைப்பதிவு எண்ணாக வைத்துக்கொள். பிள்ளைகள் பெயரை ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. இலவசக் கணக்கில் ஒரு தொகுப்புக்கு 5 கேள்விதான் வைக்கலாம், ஒரு பாடவேளைக்கு மூன்றே அதிகம். அச்செடுத்துக் கெட்டி அட்டையில் ஒட்டு. பளபளக்கும் லேமினேஷன் மட்டும் வேண்டாம், டியூப்லைட் பட்டு எதிரொளித்தால் கேமரா படிக்காது. படிக்காமல் போக இன்னும் மூன்று காரணம் உண்டு: கறுப்புக் கட்டத்தின்மேல் விரல், வளைந்துபோன அட்டை, பிள்ளைகளுக்குப் பின்னால் வெளிச்சமான ஜன்னல். உன் போனில் மட்டும் கொஞ்சம் நெட் இருக்க வேண்டும்.

கருவியைவிடக் கேள்விதான் இதில் முக்கியம். தவறான விடைகள் கண்டபடி எழுதியவையாக இருக்கக் கூடாது. பிள்ளைகள் உண்மையிலேயே செய்யும் தவறாக இருக்க வேண்டும். உன் பத்தாம் வகுப்பு மின்னியல் பாடத்தையே எடுத்துக்கொள். 9 வோல்ட் மின்கலம், ஒரு பல்பு. பல்புக்கு முன்னால் வைத்த அம்மீட்டர் 0.9 ஆம்பியர் காட்டுகிறது. பல்புக்குப் பின்னால் வைத்தால்? ஏ: 0.9. பி: 0.9-ஐவிடக் குறைவு. சி: சுழியம். டி: 0.9-ஐவிட அதிகம். பி-யில் கணிசமான அட்டைகள் எழும் பார். பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது என்ற நினைப்பு அப்படி.

அங்கே உடனே விடையைச் சொல்லிவிடாதே. 1990-களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் பழக்கப்படுத்திய முறை இது. சரியான விடை சொன்னவர்கள் 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் பாடத்தை வேறு வழியில் திரும்ப நடத்து. 70-க்கு மேல் என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகர்ந்துவிடு. நடுவில் இருந்தால், வேறு விடை சொன்ன பக்கத்துப் பிள்ளையோடு இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லி, அதே கேள்விக்கு மறுபடி அட்டை தூக்கச் சொல்.

அதற்குப் பிறகு ஃபெட்டைத் திற, அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் பாவனைகள் உள்ள தளம் அது. இயற்பியலில் 2001-இல் நோபல் வாங்கிய கார்ல் வீமன் அடுத்த ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இலவசம், விளம்பரமும் கிடையாது. அதில் நேர்மின்சுற்றுக் கட்டும் பெட்டி ஒன்று இருக்கிறது. மின்கலத்தையும் பல்பையும் கம்பியையும் இழுத்துப் போட்டுச் சுற்றைக் கட்டு. மின்கலம் 9 வோல்ட், பல்பு 10 ஓம் என்றுதான் வரும், அதனால் 0.9 ஆம்பியர். அம்மீட்டரைப் பல்புக்கு முன்னும் பின்னும் வைத்துக் காட்டு. இரண்டு இடத்திலும் அதே 0.9. இன்னொரு பல்பைத் தொடரிணைப்பில் சேர், 0.45 ஆகி இரண்டும் மங்கும். பக்க இணைப்புக்கு மாற்று, மின்கலத்திலிருந்து 1.8 கிளம்பும், பல்புகள் பழைய பிரகாசத்துக்கு வரும். குறுக்குச்சுற்று வைத்தால் மின்கலம் தீப்பிடித்து எரியும். வகுப்பு கைதட்டும், தட்டட்டும். ஒன்றை மட்டும் சொல்லிவிடு: நிஜ இழை பல்பில் சூட்டுக்குத் தகுந்தபடி மின்தடை மாறும், அதனால் லேபில் செய்தால் மின்னோட்டம் சரிபாதியாக விழாது. சொல்லாமல் விட்டால் நிஜ அம்மீட்டர்தான் பழுது என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஃபெட்டின் புதிய பாவனை ஒவ்வொன்றும் ஒற்றை எச்டிஎம்எல் கோப்பாக இறங்கும். பென்டிரைவில் போட்டுக்கொண்டு போனால் லேபில் நெட் இல்லாவிட்டாலும் குரோமில் திறக்கும். பழைய ஜாவா, ஃபிளாஷ் பதிப்புகளைத் தொடாதே. தமிழில் மொழிபெயர்த்தவையும் சில உண்டு, மொழிப் பட்டியலில் பார். கணிதத்துக்கு ஜியோஜிப்ராவும் இதே மாதிரி நெட் இல்லாமல் ஓடும்.

வீட்டுப்பாடத்துக்குக் கூகுள் ஃபார்ம்ஸ் வைக்கலாம். 'ஒருவருக்கு ஒரு விடை மட்டும்' என்ற கட்டுப்பாட்டைப் போடாதே. அக்காவும் தம்பியும் அம்மாவின் ஒரே போனில் எழுதும் வீட்டில் இரண்டாமவரை உள்ளேயே விடாது. கோப்பு ஏற்றும் கேள்வியும் வேண்டாம். அது பிள்ளையைக் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். ஏற்றிய படமெல்லாம் உன் 15 ஜிபி இடத்தைத்தான் தின்னும்.

தமிழில் விடை எழுதச் சொன்னால் இன்னொரு வம்பு இருக்கிறது. 'கொடி' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாகவும் அடிக்கலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது, ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரல் தவறு என்று போட்டுவிடும். 'ஔவை'யில் ஔவுக்குப் பதில் ஒ-வையும் ள-வையும் சேர்த்து அடிப்பவர்களும் உண்டு. கடைசியில் ஓர் இடைவெளி விட்டாலும் இதே கதி. அதனால் தானாக மதிப்பெண் போடுவதைத் தெரிவுக் கேள்விகளோடு நிறுத்திக்கொள். எழுத்து விடைகளை ஷீட்டில் அகர வரிசைப்படுத்தி ஒரு பார்வை பார்த்தால் போதும். வானவில், பாமினி எழுத்துருவில் இருக்கும் பழைய வினாத்தாளை அப்படியே ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாகத்தான் வரும். யூனிகோடுக்கு மாற்றி, மெய்ப்புப் பார்த்துவிட்டு ஏற்று.

கஹூட் என்ற வினாடி வினா விளையாட்டைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தாய். ஆளுக்கொரு சாதனம் வேண்டும் என்பது ஒரு பக்கம். அதைவிட, வேகத்துக்குப் புள்ளி கொடுப்பதால் யோசிக்கிற பிள்ளை தோற்று, குத்துமதிப்பாகத் தட்டுகிறவன் ஜெயிப்பான். எனக்கு அதில் பெரிய மதிப்பில்லை. அந்தக் குதூகலம் வேண்டுமென்றால் பெங்களூரில் பிறந்த குவிசிஸ் இருக்கிறது, 2025-இல் வேகிரவுண்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். அதிலும் அட்டை பிடிக்கும் முறை உண்டு.

வாய்மொழிப் பயிற்சிக்கு இங்கே நல்ல வழக்கம் ஒன்று இருக்கிறது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தாய்மொழி வாய்மொழிக்கு 2017 முதல் ஒரு சின்னக் காணொளியைக் காட்டித்தான் பேசச் சொல்கிறார்கள். அதற்காகப் பிள்ளைகள் பேசிப் பதிவுசெய்து பழகுகிறார்கள். நீயும் செய்யலாம், ஆனால் ஒரு நிமிடத்துக்கு மேல் விடாதே. நாற்பது பேர் என்றால் நாற்பது நிமிடம் உட்கார்ந்து கேட்க வேண்டியவன் நீதான்.

பள்ளி விடுமுறைக்கு ஜூனில் வருகிறேன், அப்போது உன் பள்ளி திறந்திருக்கும். அதற்குள் புரொஜெக்டரிலும் கம்ப்யூட்டரிலும் கேபிள் சொருகும் துளைகளைப் போட்டோ எடுத்து அனுப்பு. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுவது ஒரு பொருள், விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவது வேறு பொருள். பார்க்க ஒன்று போலவே இருக்கும், தலைகீழாகப் போட்டால் ஓடாது. எது வேண்டும் என்று தெரிந்தால் இங்கே முஸ்தஃபா கடையில் வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
அக்கா