சோனிக்கும் மூன்றாம் நம்பர் மலைக் கொழுந்தும்

டிக்கோயா,
ஞாயிறு இரவு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்ததை வாசித்ததும்தான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. இங்கே மழை விடவே இல்லை. பீலித் தண்ணீர் மூன்று நாளாகக் கலங்கித்தான் வருகிறது. மற்றபடி சுகம்.

ஒரு செய்தியை நேரில்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன், முடியவில்லை. நம்ம ஸ்டோரை, நம் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையை, மூடிவிட்டார்கள். மெஷின் பழசு, கொழுந்து போதாது, இரண்டு ஸ்டோர் ஓட்டக் கட்டாது என்று காரணம் சொன்னார்கள். கணக்குப்படி அது சரியாகவும் இருக்கலாம். இப்போது மடுவத்துக் கொட்டகையில் எடை போட்டதும் கொழுந்து நேரே லொறியில் ஏறி அக்கரைத் தோட்டத்து ஸ்டோருக்குப் போகிறது. கணக்குப் புத்தகத்தோடு நானும் அதே லொறியில் போகிறேன். சின்ன வயதில் பொங்கல் கிரிக்கெட்டில் அவர்களிடம் தோற்றால் நீயும் நானும் சோறு தின்னாமல் படுத்தோமே, அதே அக்கரைதான். முதல் நாள் அவர்கள் ரோலரில் நம் கொழுந்தைக் கொட்டியபோது அந்த வாசம் நம்ம ஸ்டோர் வாசம்தான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்தால் மகள் நிண்டெண்டோ கேம் மெஷினை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறாள். மச்சினன் வாங்கிக் கொடுத்தது. திரையில் நீல நிறத்தில் ‘சேகா’ என்ற கேம் கம்பெனியின் பேர் வந்து மறைந்தது, பின்னாலேயே அவர்களுடைய சோனிக் முள்ளெலி ஓடியது. உன் சித்தப்பா டுபாயிலிருந்து கொண்டுவந்த சேகா டிரீம்காஸ்ட் மெஷின் எனக்கு அப்படியே கண்முன் வந்தது. மின்வெட்டு முடிந்து கரண்ட் வரும்வரை அந்த வெள்ளைப் பெட்டியின் முன்னால் ஏழெட்டுப் பேர் குந்தியிருப்போம். சேகாவும் நிண்டெண்டோவும் ஒரு காலத்தில் ஜென்ம விரோதிகள் என்றேன் மகளிடம். அவள் நம்பவில்லை.

இந்தக் கதையில் எனக்குத் தெரிந்ததை உனக்கு எழுத வேண்டும் போலிருக்கிறது. ஸ்டோர் மூடியதிலிருந்து என் தலைக்குள் இதுதான் ஓடுகிறது.

1994 நவம்பரில் சேகா என்ன செய்தது பார். 21ஆம் தேதி அமெரிக்காவில் பழைய மெஷினின் மேல் சொருகுகிற 32எக்ஸை விற்பனைக்கு விட்டது. மறுநாளே ஜப்பானில் சாட்டர்ன் என்ற புது மெஷின். முதல் நாள் காசு கொடுத்தவன் தலையில் மறுநாள் கை வைத்தது போலத்தானே அது? அடுத்த வருஷம் மே மாதம், செப்டம்பரில் வருவதாகச் சொல்லியிருந்த சாட்டர்னை அமெரிக்காவில் திடீரென்று 399 டொலருக்கு இறக்கினார்கள். சரக்குக் கிடைக்காத கடைக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள், கேம் செய்பவர்களின் வேலையும் அப்போது முடிந்திருக்கவில்லை. சோனி அதே வாரத்தில் பிளேஸ்டேஷனுக்கு 299 என்று விலை சொன்னது. சேகா விழுந்தது அங்கேதான் என்பேன். டிரீம்காஸ்ட் 1998இல் வந்தபோது அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குள் கடைக்காரனுக்கும் வாங்குகிறவனுக்கும் நம்பிக்கை போயிருந்தது. எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் அதற்கு ஒரு கேம்கூடச் செய்து கொடுக்கவில்லை. 2000 மார்ச்சில் ஜப்பானில் வந்த பிளேஸ்டேஷன் 2இல் டிவிடி படமும் பார்க்கலாம் என்றதும் சனம் அந்தப் பக்கம் போய்விட்டது.

2001 ஜனவரி 31ஆம் தேதி அறிவித்தார்கள்: மார்ச்சோடு டிரீம்காஸ்ட் செய்வதை நிறுத்துகிறோம், இனி மற்றவர்களுடைய மெஷின்களுக்குக் கேம் செய்வோம். 90 லட்சத்துக்கு மேல் விற்ற மெஷின் அது. அப்போது சேகாவின் தலைவர் இசாவோ ஒகாவா, நோயாளி. தன்னுடைய சொந்தப் பங்குகளிலிருந்து ஏறக்குறைய 8,500 கோடி யென் பெறுமதியானதைக் கம்பெனிக்கே கொடுத்துவிட்டு, அந்த மார்ச் 16ஆம் தேதி கண்ணை மூடினார். இதை வாசித்த அன்று நான் வெகுநேரம் தூங்கவில்லை, மச்சான். நம்ம ஸ்டோருக்காக யாரும் கொடுத்தார்களா என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒரு வேலைத்தலம் மூச்சுத் திணறும்போது தன் கையிலிருந்து எடுத்துக் கொடுக்கிற மனுசன் இருந்திருக்கிறான் என்று தெரிவதே எனக்குப் பெரிய ஆறுதல்.

எதிரிக்குக் கேம் செய்வது என்றால் என்ன என்பதை நீ காசுக் கணக்காகப் பார்க்க வேண்டும். இந்த வியாபாரத்தில் மெஷினை அநேகமாக லாபமில்லாமல், சில நேரம் நட்டத்துக்கே விற்பார்கள். அந்த மெஷினுக்கு வேறொரு கம்பெனி கேம் செய்தால், ஒவ்வொரு பிரதிக்கும் மெஷின்காரனுக்குப் பங்கு கட்ட வேண்டும். லாபம் அங்கேதான். அதுவரை அந்தப் பங்கை வாங்கிக்கொண்டிருந்த சேகா, அதன்பிறகு சோனி கம்பெனிக்கும் நிண்டெண்டோவுக்கும் மைக்ரோசொப்டுக்கும் கட்டத் தொடங்கியது. விளம்பரத்தில் நிண்டெண்டோவைப் பேர் சொல்லியே சீண்டிய கம்பெனி, சோனிக்கை அதன் பெட்டிக்குள் ஓடவிட்டு, பங்கும் கட்டியது.

அதைச் செய்த விதம்தான் எனக்குப் பிடித்தது. உன் டிரீம்காஸ்டின் மெமரி கார்ட் நினைவிருக்கிறதா? குட்டித் திரை, குட்டிப் பட்டன்கள், உள்ளே இரண்டு பட்டன் பட்டரி. சோனிக்கில் வளர்க்கிற அந்தச் சாவோ குஞ்சை அதற்குள் ஏற்றி, காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் வருவாய். பட்டரி செத்தால் ஹட்டன் கடிகாரக் கடைக்கு ஓடுவோம். டிரீம்காஸ்ட் போனபோது சாவோவும் போயிற்று என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். போகவில்லை. 2001 டிசம்பர் 20ஆம் தேதி ஜப்பானில் ஒரே நாளில் நிண்டெண்டோவின் இரண்டு மெஷின்களுக்கும் சோனிக் கேம் வெளிவந்தது. ஒன்று டிவியில் போடுகிற கேம்கியூபுக்கு, மற்றது கையில் பிடிக்கிற கேம்போய் அட்வான்ஸுக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வயரைப் போட்டால் சாவோ பெரிய மெஷினிலிருந்து சின்ன மெஷினுக்கு இறங்கிப் போகும். எதிரியின் வீட்டில் என்ன வசதி இருக்கிறது என்று பார்த்து, தங்கள் பிள்ளைக்கு அங்கேயே ஓர் இடம் கட்டியிருக்கிறார்கள். ஏனோதானோ என்று செய்தவன் இதைச் செய்யமாட்டான்.

2004இல் சேகா, பச்சின்கோ என்ற குண்டு விளையாட்டு மெஷின் செய்கிற சம்மி கம்பெனியோடு ஒன்றாகியது. 2007இல் நிண்டெண்டோவின் மாரியோவும் சேகாவின் சோனிக்கும் ஒரே ஒலிம்பிக் கேமில் ஓடினார்கள். ஜப்பானுக்கு வெளியே அதை வெளியிட்டது சேகா என்பதை மட்டும் கவனித்துக்கொள்.

லொறியில் போகும்போது முதலில் நம் கதையும் இதுதானே என்று மனதைத் தேற்றினேன். மெஷின் போனால் என்ன, கொழுந்து நம்முடையது, கை நம்முடையது. இரண்டு வாரம் கழித்துத்தான் விஷயம் உறைத்தது. மகளின் நிண்டெண்டோவில் முதலில் வந்தது ‘சேகா’ என்ற பேர். பெட்டி யாருடையதாக இருந்தாலும் செய்தவன் பேர் முன்னால் நிற்கிறது. நம் கொழுந்தோ அக்கரைக் கொழுந்தோடு ஒரே வாட்டும் தட்டில் கலந்து, அவர்கள் மார்க்கில், அதாவது அவர்கள் பேரில், கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. 1883இலிருந்து நடக்கிற ஏலம். நம் அப்பா காலத்தில் ஏலக் கணக்கில் நம்ம மார்க்கைப் பார்த்து ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர் பெரட்டில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், வந்து விலை சொல்வாராம், அன்று லயத்து வீடுகளில் எல்லோர் முகமும் வெளிச்சமாக இருக்குமாம். இப்போது அந்தப் பேரே கிடையாது. மூன்றாம் நம்பர் மலையில் மழையில் நனைந்து பறிக்கிற அக்காமாருக்குத் தாங்கள் பறித்தது எந்தப் பேரில் போகிறது என்று தெரியாது. ஸ்டோர் போனதைவிட எனக்கு இதுதான் வலிக்கிறது.

அதனால் ஒன்று கேட்கப் போகிறேன். ஒரு ஸ்டோர் இரண்டு மார்க்கில் தேயிலை செய்வது புதிதில்லை. நம் மேல் மலைக் கொழுந்தை மட்டும் தனித் தட்டில் வாட்டி, தனியாக உருட்டி, நம்ம பழைய மார்க்கில் அனுப்ப முடியுமா என்று தோட்டத்தை நடத்துகிற துரையிடம் மனுக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். கிழமைக்கு இரண்டு நாள் தனியாக ஓட்டினாலும் ஏலத்துக்கு அனுப்புகிற ஒரு லொட்டுக்குத் தேறும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். மடுவத்தில் சொன்னபோது பதினாலு பேர் கையெழுத்துப் போடுகிறோம் என்றார்கள்.

மனுவை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். தமிழில்தான் இருக்கிறது. நீ கொழும்பில் கந்தோர்க் கடிதம் எழுதிப் பழகியவன், சிங்களத்திலும் இங்கிலீசிலும் எழுதி இந்த மாதத்துக்குள் அனுப்பு. கணக்கில் பிழை கண்டால் தயங்காமல் வெட்டு.

பொங்கலுக்கு வரும்போது அந்த மெமரி கார்ட் இன்னும் உன்னிடம் இருந்தால் கொண்டு வா, மகளுக்குக் காட்ட வேண்டும். பட்டரி நான் வாங்கி வைக்கிறேன்.

உன் பழைய கூட்டாளி