செல்வத்துக்கு, உன் கார் பாலிசி பற்றி

குன்னூர்

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நீ வாங்கியிருக்கிற செகண்ட் ஹேண்ட் காருக்கு நீ அனுப்பிய பாலிசி நகலைப் பார்த்தேன். ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று உனக்கு யாருடா சொன்னது, கார் புரோக்கரா? இது வெறும் தேர்ட் பார்ட்டி. உன் கார் மோதி யாருக்காவது உயிர் போனாலோ காயம்பட்டாலோ, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொல்லும் தொகையைக் கம்பெனி கட்டும். சுவர், கடை, அடுத்தவன் வண்டி என்றால் ஏழரை லட்சம் வரை. உன் காருக்குச் சல்லிக்காசு கிடையாது.

கோத்தகிரியில் இருந்துகொண்டு இது போதுமா? ஐப்பசி மழையில் மண் சரியும், தைலமரம் சாயும், தேயிலைத் தோட்டத்திலிருந்து காட்டெருமை பாய்ந்து கதவை நொறுக்கும். இதற்கெல்லாம் ஓன் டேமேஜ், அதாவது உன் வண்டிக்கு வரும் சேதத்துக்கான காப்பீடு வேண்டும். திருட்டும் தீயும்கூட அதில்தான் அடக்கம். தேர்ட் பார்ட்டி நடப்பில் இருந்தால், 2019 செப்டம்பரிலிருந்து ஓன் டேமேஜை மட்டும் தனியாக, வேறு கம்பெனியில்கூட வாங்கலாம். வண்டியை இன்ஸ்பெக்ஷன் செய்வார்கள். இப்போதே இருக்கிற டொக்கு, கீறலெல்லாம் குறிப்பில் ஏறிவிடும். பிறகு அவற்றுக்கு கிளெய்ம் கேட்க முடியாது.

அதற்கு முன் ஆர்.சி.யையும் பாலிசியையும் உன் பேருக்கு மாற்று. பாலிசிக்கு 14 நாள்தான் கெடு. தேர்ட் பார்ட்டி சட்டப்படி உன்னிடம் வந்துவிடும். ஆனால் ஓட்டும் உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு பழைய ஆள் பேரில்தான் நிற்கும். கிளெய்ம் கேட்காமல் இருந்ததற்கு அவருக்குக் கிடைத்த பிரீமியம் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் உனக்கு வராது. அது ஆளுக்குத்தான், வண்டிக்கு இல்லை.

ஐ.டி.வி.யை, அதாவது பாலிசியில் உன் காருக்குப் போடும் மதிப்பைக் குறைத்தால் பிரீமியம் குறையும் என்று ஆசை காட்டுவார்கள். மயங்காதே. கார் திருடுபோனாலும், பள்ளத்தில் உருண்டு ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினாலும், அந்த ஐ.டி.வி. தொகைதான் உனக்குக் கிடைக்கும். நாலு வருஷம் தாண்டிய உன் வண்டிக்கு அது கம்பெனி விலையில் பாதி. உதிரிபாகத்திலும் கழிப்பார்கள்: பம்பர், டயர், பேட்டரிக்குப் பாதி, தகரத்துக்கு 35 சதவீதம், கண்ணாடிக்கு மட்டும் கழிவில்லை. இந்தக் கழிவு இல்லாமலிருக்க ஜீரோ டெப் என்ற கூடுதல் காப்பீட்டைப் போட்டுவிடு, ஐந்து வருஷம் தாண்டினால் கிடைப்பது கஷ்டம்.

எஞ்சினுக்கான கூடுதல் காப்பீடு, எஞ்சின் புரொடெக்ட்டும் கேள். மேட்டுப்பாளையத்தில் தண்ணீர் தேங்கிய ரோட்டில் வண்டி நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் பண்ணாதே. உள்ளே போன தண்ணீரில் ராடு வளையும். சாதாரண பாலிசியில் அதற்குப் பணம் வராது.

இன்னொன்று. உன் மச்சான் சீசனில் டூரிஸ்ட்களை ஏற்றி வாடகை வாங்குகிறானாமே? சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டு வண்டியில் அப்படி ஓட்டி இடித்தால் ஓன் டேமேஜ் கிளெய்மை மறுத்துவிடுவார்கள். எதிராளிக்குக் கட்டிய பணத்தையும் உன்னிடமே திருப்பிக் கேட்கலாம். அவனிடம் நீயே பேசு, எனக்கும் அவனுக்கும்தான் ஆகாதே.

ஆர்.சி. மாறியதும் எழுது.

உன்
ரவி