அவரிடமும் கேளுங்கள்: மதுரை வட்டார மகப்பேறு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பிரசவம் பார்க்கும் மருத்துவர்களுக்கு வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நான்கு வருடத்தில் எனக்கு மூன்று தடவை கரு கலைந்தது. மூன்றுமே பத்து வாரத்துக்குள். ஒவ்வொரு தடவையும் "கர்ப்பப்பை வீக்கா இருக்கு, பெட் ரெஸ்ட் எடுங்க" என்றதோடு சரி. அந்த ஒரு வார்த்தையை அத்தை பிடித்துக்கொண்டார்கள். "இவ வயித்துல பிள்ளை தங்காது" என்று சொந்தபந்தம் முழுக்கப் பேச்சு. தொட்டில் கட்டியதும் நான்தான், விரதம் இருந்ததும் நான்தான். என் வீட்டுக்காரரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாவது தடவை, கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி முடிந்து அரை மயக்கத்தில் கிடந்தேன். சிஸ்டர் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்ததும் கண் எரிகிற பார்மலின் வாடை. கலைந்த கருவின் சதையை அதில்தான் போட்டார்கள். அந்தச் சதையில் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோமைப் பார்க்கலாம் என்று பிறகு கேள்விப்பட்டு ஓடினால், லேபில் கையை விரித்துவிட்டார்கள். பார்மலினில் செல் செத்துப்போகும், வளர்த்துப் பார்க்க முடியாது. சுத்தமான சலைனில் போட்டு உடனே அனுப்பியிருக்க வேண்டும் என்றார்கள். ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். அந்த டப்பாவை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் ஒரு பாட்டில் சலைன் இல்லாமலா இருந்திருக்கும்?

சதை வீணானதால் எங்கள் இருவர் ரத்தத்தையும் சோதித்தார்கள். என்னுடையதில் 46 குரோமோசோம், சரியாக இருந்தது. அவருடையதில் 45. பதின்மூன்றாவதும் பதினான்காவதும் ஒன்றாக ஒட்டியிருந்தன. அவர் உடம்புக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. கரு உருவாகும்போதுதான் சில சமயம் கணக்கு கூடிக் குறைந்துவிடுகிறது. தொடர்ந்து கலையும் தம்பதிகளில் நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்குத்தான் இப்படி இருக்குமாம். இயல்பாகவே பிள்ளை பெற நல்ல வாய்ப்பு உண்டு என்றும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் அவரே சொன்னார்: "அம்மா, கோளாறு எங்கிட்டதாம்மா இருக்கு." அத்தை அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆன்டிபாஸ்போலிப்பிட் என்ற ரத்தச் சோதனையை எனக்கு மூன்றாவதுக்குப் பிறகுதான் எழுதினார்கள். சிலருக்கு உடம்பின் எதிர்ப்பு சக்தியே ரத்தத்தை உறையவைத்துக் கருவைக் கெடுக்கும்; அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தச் சோதனை. 12 வாரம் விட்டு மறுபடியும் பார்த்து உறுதியானால், ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் உண்மையிலேயே உதவும். இரண்டாவது தடவையே எழுதுங்கள். ஆனால் கணவனின் வெள்ளணுக்களை எடுத்து மனைவிக்குப் போடும் ஊசியைத் தயவுசெய்து விற்காதீர்கள். அதில் பலன் இல்லை என்று 1999-லேயே லான்செட் மருத்துவ இதழில் ஆய்வு வந்துவிட்டது. நகையை அடகு வைத்து அதைப் போட்டுக்கொண்ட ஒருத்தி எங்கள் தெருவிலேயே இருக்கிறாள்.

இப்போது எனக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போயிருக்கிறது. அடுத்த வாரம் ஸ்கேனுக்கு இருவரும் சேர்ந்துதான் வருவோம். கேட்க வேண்டியதை அவரிடமும் கேளுங்கள்.

இப்படிக்கு,
உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருத்தி